கொல்வதில்லை, பிடித்துக் கொடுக்கும்

ரத்தத்தில் நுழைந்த பாக்டீரியாவை எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கொன்றுவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கொல்வதில்லை, பிடித்துக் கொடுக்கிறது. ரத்தத்தில் அதிகம் காணப்படும் ஐஜிஜி வகை எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகளும் ஒரு தண்டும் உண்டு. கைகள் பாக்டீரியாவின் மேற்பரப்பைப் பற்றும். தண்டு, விழுங்கும் செல்லின் ஏற்பியில் மாட்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பாக்டீரியா தப்பிவிடும்.

இந்தக் கைமாற்றம் முக்கியமாக நடக்கும் இடம் கல்லீரல். இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு அதன் வழியாகப் போகிறது. அங்குள்ள நுண்குழாய்களில் ஓட்டம் மெதுவானது. குழாயின் உள்ளே குப்ஃபர் செல்கள் என்ற கல்லீரலின் விழுங்கும் செல்கள் வலை விரித்ததுபோல் காத்திருக்கும். எலிகளில் செய்த சோதனைகளில், நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் உறையில்லாத வகை சில நிமிடங்களிலேயே இங்கே சிக்கிவிடுகிறது.

உறை இருந்தால் கதை வேறு. நிமோகாக்கஸின் உறை சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. அதில் 100க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. சில வகைகளைக் குப்ஃபர் செல்லால் நேரடியாகப் பிடிக்க முடியாது. அந்தந்த உறைக்கான எதிர்ப்பொருள் இருந்தால் பிடிபடும். ஒரு வகைக்கானது பெரும்பாலும் இன்னொன்றுக்கு உதவாது என்பதால்தான் தடுப்பூசியில் பல வகை உறைகளைச் சேர்க்கிறார்கள். வெறும் சர்க்கரைக்கு 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல் சரியாக எதிர்வினை காட்டாது. அதனால் அவர்களுக்கான ஊசியில் அதை ஒரு புரதத்தோடு பிணைத்துத் தருகிறார்கள்.

எதிர்ப்பொருளுக்குத் துணையாக வருபவை காம்ப்ளிமென்ட் புரதங்கள், அதாவது ஒன்றையொன்று தொடராகத் தூண்டும் ரத்தப் புரதங்கள். ஐஜிஜி மூலக்கூறுகள் 6 நெருங்கி நின்று, தண்டுகள் வளையமாகச் சேர்ந்தால் இந்தத் தொடர்வினை வேகமாகத் தொடங்கும். ஐஜிஎம் என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளில் ஒரு மூலக்கூறே போதும், அதற்கு இயல்பிலேயே 5 தண்டுகள். வினையின் முடிவில் கிராம்-நெகட்டிவ் எனப்படும் மெல்லிய சுவர் கொண்ட பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் சுமார் 10 நானோமீட்டர் துளை விழும். கிராம்-பாசிட்டிவ் வகைகளின் தடித்த சுவர் இதற்கு இடம் கொடுக்காது. அவற்றை விழுங்கித்தான் தீர்க்க வேண்டும்.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸின் ‘புரதம் ஏ’ ஐஜிஜியைத் தண்டில் பிடித்துக்கொள்கிறது. கைகள் வெளிப்பக்கம் நீட்டியபடி நிற்க, ஏற்பிக்கு மாட்ட எதுவும் கிடைக்காது. 6 பேர் வளையமும் கூடாது. ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் அளவு நன்றாக இருந்தும் பாதுகாப்பு இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் இன்னும் நேரடியானது: ஒரு நொதியால் கைகளையும் தண்டையும் இணைக்கும் மூட்டையே வெட்டிவிடுகிறது. நோயாளியின் எதிர்ப்பொருள் புதுச் சிறுநீரகத்தைத் தாக்காமலிருக்க, இதே நொதியைச் சிறுநீரக மாற்று சிகிச்சையில் மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள் என்பது வேடிக்கைதான். மெனிங்கோகாக்கஸ் பி, நம் நரம்புச் செல்களில் உள்ள அதே சர்க்கரையை உறையாகப் போர்த்திக்கொள்கிறது. உடலுக்கு அது அந்நியமாகத் தெரிவதே இல்லை. அதற்கான தடுப்பூசிகள் உறையை விட்டுவிட்டு மேற்பரப்புப் புரதங்களைக் குறிவைப்பது இதனால்தான்.

எதிர்ப்பொருள் அதிகமானால் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. நாட்பட்ட சூடோமோனாஸ் நுரையீரல் தொற்றுள்ள சிலருக்கு, பாக்டீரியாவின் நீண்ட வெளிச்சங்கிலிகள்மீது ஐஜிஜியின் ஓர் உள்வகையான ஐஜிஜி2 அடர்ந்து படிந்து, சவ்வில் துளை விழாதபடி கவசமாகிவிடுகிறது. பிளாஸ்மா மாற்றத்தின் மூலம் அந்த எதிர்ப்பொருளை நீக்கிய பிறகு, அவர்களின் ரத்தச் சீரம் மறுபடியும் அதே பாக்டீரியாவைக் கொன்றது.