இங்கிலாந்துல ஜிபி கிட்ட ரிஜிஸ்டர் பண்றது: பாஸ்போர்ட் கேட்டா என்ன சொல்றது, எது ஃப்ரீ, எதுக்கு காசு

இங்கிலாந்துக்கு புதுசா வர்றவங்க பேங்க் அக்கவுண்ட், சிம் கார்டு எல்லாத்தையும் முதல் வாரத்துலயே முடிச்சிடுவாங்க, ஜிபி, அதாவது நம்ம ஏரியா குடும்ப டாக்டர்கிட்ட பண்ற ரிஜிஸ்ட்ரேஷனை மட்டும் "முடியாம போனா பாத்துக்கலாம்"னு விட்டுடுவாங்க. அப்புறம் நூத்தி ரெண்டு காய்ச்சலோட போன் பண்ணும்போதுதான் ஃபார்ம், போஸ்ட்கோடுன்னு ஆரம்பிப்பாங்க. இங்க நேரா போய் ஸ்பெஷலிஸ்ட்டை பாக்க முடியாது, தோல் டாக்டரோ ஹார்ட் டாக்டரோ யாரா இருந்தாலும் பெரும்பாலும் ஜிபி ரெஃபர் பண்ணாத்தான் என்எச்எஸ்ல, அதாவது இங்க இருக்கற அரசு மருத்துவ சேவைல, வழி திறக்கும், அதனால உடம்பு நல்லா இருக்கும்போதே ரிஜிஸ்டர் பண்ணிடுங்க.

இதுல சொல்றது எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல விதி கொஞ்சம் வேற, அங்க மருந்துச் சீட்டுக்கே காசு கிடையாது.

முதல் விஷயம், லண்டன்ல ஈஸ்ட் ஹாம்லயும் ஹாரோலயும் டூட்டிங்லயும் இருக்கற நம்ம ஆளுங்க நெறைய பேர் தயங்கி நிக்கறது டாக்குமெண்ட் விஷயத்துலதான். ஜிபி கிட்ட ரிஜிஸ்டர் பண்ண ஐடி வேணாம், அட்ரஸ் ப்ரூஃப் வேணாம், விசா ஸ்டேட்டஸ் காட்ட வேணாம், என்எச்எஸ் நம்பர்கூட தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. அவங்க கேக்கலாம், இருந்தா குடுங்க, பழைய ரெக்கார்டை தேடி எடுக்க ஈசியா இருக்கும், ஆனா இல்லங்கறதுக்காக உங்களை திருப்பி அனுப்பக்கூடாது. நடைமுறைல என்ன ஆகுதுன்னா கவுண்டர்ல இருக்கறவங்க பழக்கதோஷத்துல "பாஸ்போர்ட்டும் ரெண்டு பில்லும் எடுத்துட்டு வாங்க"ன்னு சொல்லிடுறாங்க, ஒரு ரூம்ல ரெண்டு பேர் ஷேர் பண்ணி இருக்கற பையன் பேர்ல கரண்ட் பில் எங்கருந்து வரும், அவன் பேசாம திரும்பி வந்துடறான். அங்கயே நின்னு, சத்தம் போடாம, "ப்ரூஃப் இல்லாமலே ரிஜிஸ்டர் பண்ணலாம்னு என்எச்எஸ் இங்கிலாந்தே சொல்லிருக்கே, முடியாதுன்னா காரணத்தை எழுத்துல குடுத்துடுங்க"ன்னு கேளுங்க. மறுத்தா 14 நாளுக்குள்ள காரணத்தை எழுதிக் குடுக்கணும்கறது அவங்க என்எச்எஸ்கூட போட்ட காண்ட்ராக்ட்லயே இருக்கு. புது பேஷண்ட் சேக்கற லிஸ்ட் மூடியாச்சு, நீங்க இருக்கறது எங்க ஏரியா இல்ல, இந்த மாதிரி காரணம்தான் செல்லும். உங்க இனம், மதம், வயசு, ஏற்கனவே இருக்கற வியாதி இதையெல்லாம் வச்சு மறுக்கக்கூடாது.

கவுண்டர்ல போய் நிக்கவே பிடிக்கலன்னா என்எச்எஸ் வெப்சைட்லயோ ஆப்லயோ போஸ்ட்கோடு போட்டு ஆன்லைன்லயே பண்ணிடலாம், எனக்கு கேட்டா அதுதான் பெட்டர், யாரும் மூஞ்சியைப் பாத்து பில் கேக்க மாட்டாங்க. வேற ஊர்ல கொஞ்ச நாள் தங்கறீங்க, 24 மணி நேரத்துக்கு மேல மூணு மாசத்துக்குள்ளன்னா, அங்க இருக்கற ஜிபில டெம்பரரி பேஷண்ட்டா சேரலாம். எங்கயுமே ரிஜிஸ்டர் ஆகாம இருந்தாலும், உடனே பாத்தே ஆகணும்கற நிலைமைன்னா பக்கத்து ஜிபி 14 நாள் வரைக்கும் பாக்கணும்.

அப்பா அம்மா விசிட்டர் விசால வந்திருக்காங்க, அவங்களை பாப்பாங்களான்னு எல்லாரும் கேக்கறாங்க. ஜிபி பாக்கறதுக்கு யாருக்கும் காசு கிடையாது, விசிட்டருக்கும் இல்ல. மாட்டிக்கறது அடுத்த படியிலதான். ஜிபி ஹாஸ்பிட்டலுக்கு ரெஃபர் பண்ணிட்டா அங்க விசிட்டருக்கு பில் வரும், அதுவும் என்எச்எஸ் ரேட்ல 150 சதவீதம். ஹாஸ்பிட்டல் எமர்ஜென்சில (ஏ அண்ட் ஈ) பாக்கறது ஃப்ரீ, ஆனா அட்மிட் பண்ணிட்டா மீட்டர் ஓட ஆரம்பிச்சிடும், அதனால ட்ராவல் இன்ஷூரன்ஸ் இல்லாம பெரியவங்களை கூட்டிட்டு வராதீங்க. வொர்க் விசா, ஸ்டூடண்ட் விசால இருக்கறவங்க விசாவுக்கு அப்ளை பண்ணும்போது என்எச்எஸ்ஸுக்காக கட்டற ஹெல்த் சர்சார்ஜ் 2024 பிப்ரவரிலருந்து பெரியவங்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்ட், ஸ்டூடண்ட்டுக்கும் 18 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கும் 776. அதை கட்டினவங்களுக்கு ஹாஸ்பிட்டல் பில் வராது, ஆனா மருந்துச் சீட்டு காசு தனி, அதை கீழ சொல்றேன்.

சரி, ரிஜிஸ்டர் பண்ணியாச்சு, அப்பாயின்ட்மென்ட் கிடைக்கணுமே. காலைல எட்டு மணிக்கு போனை கைல வச்சுக்கிட்டு ரீடயல் பண்ணி ரீடயல் பண்ணி, லைன் கிடைக்கறதுக்குள்ள "இன்னிக்கு எல்லாம் முடிஞ்சுது, நாளைக்கு கூப்பிடுங்க"ன்னு கேட்டு வெறுத்துப்போனவங்க நெறைய பேர். 2023 காண்ட்ராக்ட்லருந்தே "நாளைக்கு கூப்பிடுங்க"ங்கற பதிலுக்கு இடம் கிடையாது, முதல் தடவை நீங்க தொடர்பு கொள்ளும்போதே என்ன தேவைன்னு பாக்கணும் இல்லன்னா எங்க போகணும்னு சொல்லணும். அதுக்காக அன்னிக்கே அப்பாயின்ட்மென்ட்னு அர்த்தம் இல்ல, அவசரம் இல்லாததுக்கு தள்ளித்தான் தேதி வரும். 2025 அக்டோபர் 1லருந்து இன்னொண்ணு வந்திருக்கு, திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் காலை 8 முதல் மாலை 6.30 வரை ஆன்லைன் ரிக்வெஸ்ட் ஃபார்மை திறந்தே வச்சிருக்கணும். அவசரமில்லாத பிரச்சனை, மாத்திரை சந்தேகம், லெட்டர் கேக்கறது எல்லாத்தையும் அதுல மத்தியானம் நிதானமா டைப் பண்ணி போடலாம், எட்டு மணி போர்ல கலந்துக்க வேண்டியதில்ல. நெஞ்சு வலி மாதிரி விஷயத்தை மட்டும் ஃபார்ம்ல போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க, ஆம்புலன்ஸுக்கு 999 கூப்பிடுங்க. ராத்திரில என்ன பண்றதுன்னு தெரியலன்னா என்எச்எஸ் ஆலோசனை லைன் 111.

வேலைக்கு லீவு போட முடியாதவங்க "ஈவினிங் இல்ல சாட்டர்டே அப்பாயின்ட்மென்ட் இருக்கா"ன்னு வாயைத் திறந்து கேளுங்க. பக்கத்து பக்கத்து ஜிபிக்கள் சேந்து வார நாள்ல 8 மணி வரைக்கும், சனிக்கிழமை 9 முதல் 5 வரைக்கும் பாக்கணும்னு 2022 அக்டோபர்லருந்து ஏற்பாடு இருக்கு. வேற கிளினிக்குக்கு போக வேண்டி வரலாம். அவங்களா சொல்றது குறைவு.

ரிசெப்ஷனிஸ்ட் "என்ன பிரச்சனை"ன்னு கேட்டா நம்மாளுங்களுக்கு கோவம் வரும், இவங்க யாரு கேக்கறதுக்குன்னு. யார்கிட்ட அனுப்பணும்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்கறாங்க, நர்ஸா, ஃபார்மசிஸ்ட்டா, பிசியோவா, டாக்டரான்னு. சொல்ல கூச்சமான விஷயம்னா "பர்சனல்"னு சொல்லிட்டு நிறுத்திக்கலாம்.

இங்கிலீஷ் சரியா வராத பெரியவங்களுக்கு புக் பண்ணும்போதே "தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேணும், டைமும் கொஞ்சம் கூட வேணும்"னு சொல்லிடுங்க. இதுக்கு காசு கிடையாது, பெரும்பாலும் போன்ல ஒருத்தர் வருவார். பத்து வயசு பேரனை கூட்டிட்டுப் போய் மொழிபெயர்க்க வைக்கறதை விடுங்க, பாட்டி தன்னோட பீரியட்ஸ் நின்ன பிறகு வர்ற பிரச்சனையை அவன் முன்னாடி எப்படி சொல்லுவாங்க, பாதியை முழுங்கிட்டு கால் வலின்னு முடிச்சிட்டு வந்துடுவாங்க.

சின்ன சின்னதுக்கு ஜிபியே தேவையில்ல. 2024 ஜனவரி 31லருந்து ஃபார்மசி ஃபர்ஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ஏழு விஷயத்துக்கு ஃபார்மசிஸ்ட்டே பாத்து தேவைப்பட்டா ஆன்டிபயாட்டிக்கும் குடுப்பார்: தொண்டை வலி, சைனஸ், குழந்தைங்க காது வலி, பூச்சிக்கடி இன்ஃபெக்ஷன், இம்பெடைகோங்கற தோல் புண்ணு, அக்கி, 16 முதல் 64 வயசு பெண்களுக்கு வர்ற யூரின் இன்ஃபெக்ஷன். மத்ததுக்கும் வயசு வரம்பு உண்டு, போய் கேட்டா சொல்லிடுவாங்க.

இப்ப மருந்துச் சீட்டு. 2024 மேலருந்து ஒரு ஐட்டத்துக்கு 9.90 பவுண்ட், மூணு மருந்து எழுதினா மூணு தடவை. 16 வயசுக்கு கீழ, 60 வயசு ஆனவங்க, கர்ப்பிணிங்க, குழந்தை பொறந்து ஒரு வருஷம் ஆகாதவங்க இவங்களுக்கு ஃப்ரீ. நம்ம ஆளுங்க நெறைய பேர் தவற விடறது சுகரும் தைராய்டும். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறீங்க, இல்ல தைராய்டு கம்மின்னு தைராக்சின் போடறீங்கன்னா ஜிபி ஆபீஸ்ல எஃப்பி92ஏ ஃபார்ம் கேட்டு வாங்கி நிரப்பிக் குடுங்க, வர்ற சர்டிஃபிகேட் அந்த மாத்திரைக்கு மட்டும் இல்ல, நீங்க வாங்கற எல்லா என்எச்எஸ் மருந்துக்கும் செல்லும், அஞ்சு வருஷத்துக்கு. சாப்பாட்டுல மட்டும் சுகரை கன்ட்ரோல் பண்றவங்களுக்கு கிடையாது. இதுல வராத, ஆனா மாசா மாசம் மாத்திரை வாங்கறவங்க ப்ரீபேமென்ட் சர்டிஃபிகேட் (முன்னாடியே மொத்தமா காசு கட்டிடறது) எடுங்க, மூணு மாசத்துக்கு 32.05, வருஷத்துக்கு 114.50, வருஷத்துல பன்னெண்டு ஐட்டம் வாங்கினாலே லாபம்.

ஃபார்மசி கவுண்டர்ல "நீங்க காசு கட்டறவங்களா"ன்னு கேப்பாங்க, மாஸ்டர்ஸ் படிக்க வந்த பசங்க "ஃபுல் டைம் ஸ்டூடண்ட்"னு சொல்லி ஃப்ரீயா வாங்கிட்டு போயிடறாங்க. அந்த சலுகை 16, 17, 18 வயசுக்கு மட்டும். சில மாசம் கழிச்சு வீட்டுக்கு லெட்டர் வரும், மருந்து காசும், அதுக்கு மேல 100 பவுண்ட் வரைக்கும் ஃபைனும். வருமானம் கம்மின்னா அதுக்கு எச்.சி.1 (HC1)னு தனி ஃபார்ம் இருக்கு, அதைப் போடுங்க.

40லருந்து 74 வயசுக்குள்ள இருந்து பெரிய வியாதி எதுவும் இல்லன்னா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை என்எச்எஸ் ஹெல்த் செக் ஃப்ரீ, பிபி, கொலஸ்ட்ரால், சுகர் ரிஸ்க் பாப்பாங்க. தெற்காசிய உடம்புக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு) 23லயே ரிஸ்க் ஏறுதுன்னு இங்க இருக்கற கைட்லைனே சொல்லுது, நாம பாக்கறதுக்கு ஒல்லியா இருக்கோம்னு விட்டுடறோம். லெட்டர் வரலன்னா நீங்களே கேளுங்க.

"எதுக்கு போனாலும் பாராசிட்டமால்தான்"னு புலம்பறவங்க ஜெஸ்ஸஸ் ரூல் பேரை தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஜெசிகா பிரேடிங்கற 27 வயசுப் பொண்ணு திரும்பத் திரும்ப ஜிபியை அணுகியும் கேன்சர் கண்டுபிடிக்காம 2020ல இறந்துபோனாங்க, அவங்க குடும்பம் போராடி 2025 செப்டம்பர்ல இது வந்தது. அதே தொல்லையோட மூணாவது தடவை போறீங்க, இன்னும் என்னன்னு தெரியல, இல்ல கூடிக்கிட்டே போகுதுன்னா டாக்டர் முதல்லருந்து திரும்ப யோசிக்கணும். சட்டம் இல்ல, வழிகாட்டுதல்தான், ஆனா "இது மூணாவது தடவை டாக்டர், ஜெஸ்ஸஸ் ரூல் படி பாருங்க"ன்னு சொன்னா பேச்சோட தொனியே மாற வாய்ப்பு இருக்கு.

கம்ப்ளெயின்ட் பண்ணணும்னா முதல்ல ப்ராக்டிஸ் மேனேஜருக்கு மெயில் போடுங்க, அவங்ககிட்ட வேணாம்னு தோணினா ஜிபிக்களை மேற்பார்வை பண்ற உங்க ஏரியா என்எச்எஸ் அமைப்பு, இன்டக்ரேட்டட் கேர் போர்டுக்கு போடலாம். நடந்து 12 மாசத்துக்குள்ள பண்ணணும். பதில் சரியில்லன்னா அதுக்கு மேல புகாரை விசாரிக்கற தனி அமைப்பு, ஓம்புட்ஸ்மன் இருக்காங்க. தேதி, நேரம், யார் என்ன சொன்னாங்க இதை மட்டும் நாலு வரில எழுதுங்க, கோவத்தை எழுதினீங்கன்னா அதுக்குத்தான் பதில் வரும்.