செவ்வாய்க்கிழமை பூட்டியிருந்த இரண்டு கதவுகள்: நேப்பிள்ஸ் போகிறவர்களுக்கு

போன வருடம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஏழேகால் மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்தது. தஞ்சாவூர்த் தம்பதி. கணவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்த அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவர்கள் இருந்த இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் அப்போது மணி மூன்றே முக்கால்.

“தம்பி, சேப்பல் பூட்டியிருக்கு. சரின்னு மியூசியத்துக்கு நடந்து வந்தோம், அதுவும் பூட்டியிருக்கு. சாருக்குக் கை நடுங்குது. ஹோட்டல்ல எல்லாம் சமையல் முடிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க.”

அவருக்குச் சர்க்கரை நோய். காலையில் மாத்திரை போட்டிருக்கிறார், மதியம் சாப்பிடவில்லை. “பக்கத்துல ‘பார்’னு போர்டு இருக்கும், உள்ள போங்கம்மா” என்றேன். “அங்கேயா? அதைத் தாண்டித்தான் வந்தோம். அது குடிக்கிற இடமில்லையா தம்பி?” என்றார். இத்தாலியில் பார் என்றால் காபிக்கடை. காலையிலிருந்து இரவு வரை திறந்திருக்கும். காபி, பழச்சாறு, பன், சாண்ட்விச் எல்லாம் கிடைக்கும். சர்க்கரை போட்ட ஆரஞ்சுச் சாறு ஒரு கிளாஸ் உள்ளே போன பிறகுதான் அவரால் பேச முடிந்தது. பசியோடு ஒரு மணி நேரம் அந்த ஊரைச் சுற்றியவர்கள், குறைந்தது ஐந்தாறு பார்களையாவது கடந்து வந்திருப்பார்கள்.

நான் திருச்சியில் 17 வருடமாகப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். அவர்களுக்கு விசா வேலை மட்டும்தான் நான் செய்தேன். திட்டம் வேறு இடத்தில் வாங்கியது. அந்தத் தாளை அப்புறம் வாங்கிப் பார்த்தேன். 4 நாளுக்கு 31 இடங்கள். பெயர்களில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் எந்த இடத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை, மதியச் சாப்பாடு எத்தனை மணி வரை கிடைக்கும் என்று ஒரு வரி இல்லை. இப்படிப்பட்ட தாள்களை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நேப்பிள்ஸுக்குத் திட்டம் போட உட்காரும்போது முதலில் காலண்டரை எடுங்கள், இடங்களின் பட்டியல் அப்புறம். அவர்கள் போய் நின்ற சான்செவேரோ சேப்பலுக்கு (சின்ன தேவாலயம்) செவ்வாய் விடுமுறை. தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் அதே செவ்வாய்தான். புதன்கிழமை அரச மாளிகை, கபோதிமோன்தே அருங்காட்சியகம், மலைமேல் இருக்கும் சான் மார்த்தினோ மடம் மூன்றும் திறந்திருக்காது. செவ்வாயும் புதனும் மட்டும் ஊரில் இருக்கும்படி டிக்கெட் போட்டவர்கள், எந்த நாளில் எது என்று பார்க்காமல் போனால் பாதி ஊரை வெளியில் நின்றே பார்த்துவிட்டு வருவார்கள். நான் பொதுவாகச் செவ்வாயை, பக்கத்தில் இருக்கும் பழங்கால ஊரான பொம்பெயிக்கு ஒதுக்கிவிடுவேன். அங்கே வார விடுமுறை கிடையாது. டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த இடத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம். காசு மிச்சம்தான், ஆனால் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் போக நான் சொல்ல மாட்டேன்.

சான்செவேரோவுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். சேப்பல் சின்னது, இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். உள்ளே இருப்பது 1753இல் ஜுசெப்பே சான்மார்த்தினோ செதுக்கிய ஏசு. சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்திய உடல், மேலே மெல்லிய துணி. அந்தத் துணியும் அதே பளிங்குதான். நெற்றியில் புடைத்த நரம்பு துணிக்கு அடியில் தெரிகிறது. படமெடுக்க அனுமதி இல்லை. அதனாலேயே எல்லோரும் போனைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் பார்க்கிறார்கள்.

அடுத்தது, ஒரு நாளுக்குள் இருக்கும் நேரம். பழைய நகரத்தின் தேவாலயங்கள் பல, மதியம் மூடிவிட்டு நான்கு மணிவாக்கில்தான் மறுபடி திறக்கும். சாப்பாட்டுக் கடைகளின் அடுப்பு பெரும்பாலும் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை. பிறகு இரவு ஏழரைக்கு மேல்தான். நடுவில் பசித்தால் பார், அடுமனை, பொரித்த பண்டம் விற்கும் கடை, அப்புறம் விரித்த கைக்குட்டையை நாலாக மடித்த மாதிரி தாளில் சுற்றித் தரும் சின்ன பீட்சா. தேவாலயங்களைக் காலையில் முடித்து, ஒரு மணிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டு, அறைக்குப் போய் இரண்டு மணி நேரம் படுத்து, ஐந்து மணிக்கு மறுபடி இறங்கினால் உடம்பு தாங்கும். ஊர்க்காரர்களும் அந்த நேரத்துக்குத்தான் தெருவுக்கு வருகிறார்கள்.

பெரிய இடம் ஒரு நாளுக்கு இரண்டு போதும் என்பேன். “இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், ரெண்டுதானா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிரேக்கர்கள் 2,400 வருடங்களுக்கு முன்பே குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட தெருக்கள் அங்கே இன்றும் அதே தடத்தில் இருக்கின்றன. ஊரை நேர்கோட்டில் கிழித்துக்கொண்டு போகும் ஸ்பக்கானாப்போலியில் மெதுவாக நடப்பதே ஒரு முற்பகல் வேலை. கூடையைக் கயிற்றில் கட்டி மாடியிலிருந்து இறக்கும் பாட்டி, கொடியில் காயும் போர்வை, முட்டுச்சந்தில் மாடம் வைத்து விளக்கேற்றிய மாதா, சான் கிரெகோரியோ அர்மேனோ தெருவில் வருடம் முழுக்கக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மை செய்யும் கைகள். 31 இடங்களை டிக் அடித்துக்கொண்டு ஓடுபவர்களுக்கு இவை எதுவும் கண்ணில் படாது.

பொம்பெயிக்கு மட்டும் ஒரு நாளை முழுசாகக் கொடுங்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த ஊர். மதிலுக்குள் சுமார் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கரிபால்தி நிலையத்திலிருந்து சிர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலில் ஏறினால் நாற்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். இறங்க வேண்டிய நிலையம் ‘பொம்பெயி ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி’. வெறும் ‘பொம்பெயி’ என்ற பெயரில் வேறு நிலையங்களும் உண்டு. அவை உங்களை இன்றைய ஊருக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். இந்த ரயிலில் நெரிசல் அதிகம், பர்ஸ் அடிப்பவர்கள் இருப்பார்கள். பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளே நிழல் மிகக் குறைவு. வண்டிச்சக்கரம் அரைத்துக் குழிவிழுந்த பாறைத் தெருக்கள். செருப்பு போட்டு நடந்தால் கணுக்கால் பிசகும். தொப்பி, கெட்டியான ஷூ, காலிப் பாட்டில் எடுத்துப் போங்கள், உள்ளே குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் நம்மூர் வெயில்தான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் எர்க்கொலானோவைத்தான் சொல்வேன். அதே எரிமலை, அதே நாள், இன்னும் சின்ன ஊர். கருகிய மரக்கதவும் மாடி வீடும்கூட அங்கே நின்றிருக்கின்றன. ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

இனி சாப்பாடு. இதில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஸ்ரீரங்கத்து மாமி ஒருவரை அவர் மகளோடு அனுப்பினேன். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவர். தராலி என்று ஒரு பண்டம் உண்டு. கைமுறுக்கு மாதிரி மாவைத் திரித்து வட்டமாக்கி, மிளகும் பாதாமும் வைத்துச் சுட்டது. மாமிக்கு அது பிடித்துப்போய் இரண்டு நாள் பையில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். மூன்றாம் நாள் மகள் பொட்டலத்தின் பின்னால் ‘ஸ்த்ருத்தோ’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, போனில் தேடியிருக்கிறாள். பன்றிக்கொழுப்பு. ஊர் திரும்பும்வரை மாமி பழத்தைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. “நீங்க சொல்லியிருக்கலாமேப்பா” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு சைவக்காரர்களுக்கு ஒரு தாள் தயார் செய்து கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறேன். அதில் முதல் சொல் ஸ்த்ருத்தோ. இதையே ஊர்வழக்கில் ‘சுஞ்ஞா’ என்பார்கள். தராலியில் மட்டுமில்லை, அடுக்கடுக்காகப் பொரியும் ஸ்ஃபொல்யத்தெல்லா, ஈஸ்டர் பண்டிகைக்குச் செய்யும் பஸ்தியேரா இரண்டிலும் பழைய முறைப்படி இது சேரும். பொரித்த பீட்சாவின் வயிற்றுக்குள் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இருப்பது வழக்கம். உருளைக்கிழங்கு போண்டா மாதிரி இருக்கும் குரோக்கே சில கடைகளில் ஹாம் (பன்றி இறைச்சி) துண்டோடு வரும். பாபா என்ற கேக் ரம்மில் ஊறியது, குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். “இறைச்சி இல்லாமல்” என்று மட்டும் கேட்டால் ஹாமும் நெத்திலி மீனும் தட்டில் வந்துவிடுவதைப் பலமுறை கேள்விப்பட்டிருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கத்தரிக்காய் பார்மிஜானா பெயரைப் பார்த்துச் சைவம் என்று நினைப்போம். அதில் போடும் பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைநொதியால்தான் திரிப்பார்கள். புகழ்பெற்ற எருமைப்பால் மொத்ஸரெல்லாவும் அப்படித்தான். இது சிலருக்குப் பொருட்டில்லை, சிலருக்கு மிகப் பெரிய விஷயம். எதுவாக இருந்தாலும் தெரிந்து முடிவெடுக்கட்டும் என்றுதான் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் எதைத்தான் சாப்பிடுவது? மரினாரா பீட்சா. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான், சீஸே கிடையாது. விறகு அடுப்பில் ஒன்று, ஒன்றரை நிமிடம் கிடந்து, ஓரம் உப்பி அங்கங்கே கருகி வரும்போது அந்தப் பூண்டு வாசனைக்கு ஈடில்லை. 2017இல் நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்களின் கைத்தொழிலை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஒருமுறை அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து மாவு விரிக்கும் கையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஃப்ரியாரியெல்லி என்று லேசாகக் கசக்கும் கீரை ஒன்று உண்டு. வழக்கமாகத் தொத்திறைச்சியோடு வரும். தனியாகக் கேட்டால் பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கித் தருவார்கள். வீட்டு ஞாபகம் வரும். அசைவக்காரர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் மட்டும் ஜெனொவேசே, ராகு இரண்டு குழம்புகளிலும் கவனமாக இருங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு பீட்சாவுக்கு 200 முதல் 280 கிராம் மாவு உருண்டை. மாத்திரை, இன்சுலின் நேரத்தை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, இத்தாலி நேரத்துக்கு மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று தலைக்கு ஓரிரு யூரோ சேர்ந்திருந்தால் சண்டை போடாதீர்கள், அது மேசைக்கட்டணம். பார்களில் காபியை நின்று குடித்தால் விலை குறைவு. அறை எடுக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பழைய கட்டடங்களில் நாலாம் மாடிவரை பெட்டியைச் சுமந்தவர்களை எனக்குத் தெரியும். ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம்வரை வைத்துக்கொள்ள வேண்டாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு என்ன கிடைக்கும் என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

தஞ்சாவூர் அம்மா அந்த மியூசியத்துக்குப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. 1938இல் பொம்பெயியில் ஒரு வீட்டைத் தோண்டியபோது யானைத் தந்தத்தில் செய்த ஒரு சின்னப் பெண்ணுருவம் கிடைத்தது. ஒரு சாண் உயரம்தான். கழுத்து நிறைய மாலை, கை நிறைய வளையல், இடுப்பில் மேகலை, இரண்டு பக்கமும் இரண்டு தோழிகள். இந்தியாவிலிருந்து போனது. பொம்பெயி லட்சுமி என்று அழைக்கிறார்கள். யட்சி என்று சொல்பவர்களும் உண்டு. பக்கத்தில் இருக்கும் பொத்சுவோலிதான் அன்றைய புதியோலி, கிழக்கிலிருந்து வந்த சரக்கு அலெக்ஸாந்திரியா வழியாக இறங்கிய துறைமுகம். நம் பக்கத்து மிளகும் அந்த வழியில்தான் போனது. வகுப்பில் யவன வணிகம் நடத்திய அந்த ஆசிரியை முப்பது வருடமாக இந்தப் பொம்மையைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். புதன்கிழமை விடிகாலை அவர்களுக்கு விமானம். பூட்டிய கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

அது இருப்பது ‘ரகசிய அறை’ என்ற பகுதியில். பொம்பெயியில் கிடைத்த காமச் சித்திரங்களும் சிற்பங்களும் அங்கேதான் இருக்கின்றன; பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு நுழையுங்கள். சில கூடங்களைச் சில நாள் மூடி வைப்பதும் உண்டு, அதனால் டிக்கெட் வாங்கும்போதே அந்த அறை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இருவரும் வரும் அக்டோபரில் மறுபடி போகிறார்கள். இந்தத் தடவை திட்டம் என்னிடம். 5 இரவு, 9 இடங்கள். முதல் வரியில் திங்கள் காலை 9 மணி, தொல்லியல் அருங்காட்சியகம், நேராக ரகசிய அறைக்கு என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரி, பன்னிரண்டே முக்காலுக்குச் சாருக்குச் சாப்பாடு.