பதினாறு மணி நேரப் பட்டினியின் கணக்கு

இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்தது. அதன்பின் மறுநாள் பகல் பன்னிரண்டு வரை தண்ணீரும் சர்க்கரை போடாத கடுங்காப்பியும்தான். எடை குறைக்கும் வழியாக 16:8 (16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு) என்ற பெயரில் பரவியிருக்கும் இடைவெளி விரதம் இதுவே. பெயர் புதிதாக இருந்தாலும், பெரும்பாலோர் செய்வது காலைச் சிற்றுண்டியை விட்டுவிடுவதுதான்.

இன்சுலின் என்றதும் சர்க்கரையைக் குறைக்கும் வேலைதான் நினைவுக்கு வரும். கொழுப்புச் செல்களைப் பூட்டிவைப்பதும் அதன் வேலைதான். சாப்பிட்ட பிறகு இன்சுலின் உயர்ந்திருக்கும்வரை, கொழுப்பை உடைக்கும் நொதிகள் அடங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் ஈரல் ஏறக்குறைய 100 கிராம் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்துக்கொள்கிறது. இது சமையலறை அரிசிப் பானை என்றால், உடற்கொழுப்பு கூடத்து நெற்குதிர். இரவெல்லாம் மூளைக்குப் படியளப்பது பானைதான். விடியும்போது அதில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். இன்சுலினும் தாழ்ந்திருப்பதால் குதிர் திறக்கிறது. கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் இறங்க, தசைகள் அவற்றை எரிக்கத் தொடங்குகின்றன. பன்னிரண்டாவது மணியில் திடீரென்று ஏதோ ஒரு விசை தட்டப்படுவதாகச் சொல்லும் படங்களை நம்ப வேண்டாம். இந்த மாற்றம் மெல்ல மெல்ல நடப்பது. இரவில் தூங்கும் எல்லோருக்கும் ஓரளவு நடப்பது.

காலையில் எரிந்த கொழுப்பு, பகல் சாப்பாட்டுக்குப் பின் இன்சுலின் ஏறியதும் திரும்பக் குதிருக்குள் போகக்கூடும். அன்றைய வரவு செலவில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 116 பேரை வைத்து 12 வாரங்கள் சோதித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டவர்கள் சராசரியாக 0.94 கிலோ குறைந்தார்கள். வழக்கம்போல மூன்று வேளை சாப்பிட்டவர்களும் 0.68 கிலோ குறைந்தார்கள். புள்ளியியல்படி இது ஒரு வித்தியாசமே அல்ல. 2022இல் வெளியான சீனாவின் குவாங்சோ ஆய்வில் இரு குழுவுக்கும் ஒரே கலோரி வரம்பு. ஒரு குழுவுக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. ஓராண்டில் நேரக் கட்டுப்பாடு இருந்தவர்கள் சராசரியாக 8 கிலோவும், இல்லாதவர்கள் 6.3 கிலோவும் குறைந்தார்கள். அங்கும் கடிகாரம் தனியாகப் பெரிதாக எதையும் சாதித்ததாக நிரூபிக்க முடியவில்லை.

அப்படியானால் இந்த விரதம் இருந்த பக்கத்து வீட்டுக்காரர் எப்படி இளைத்தார்? ஒரு வேளையை விட்டவர் அடுத்த வேளையில் அதை முழுதாக ஈடுகட்டுவதில்லை. 2019இல் 13 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, காலை உணவு உண்டவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 260 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டது தெரிந்தது. நான்கு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி சேர்ந்தால் முந்நூறைத் தாண்டும். அதை விட்டவர் மாலையில் இரண்டு பஜ்ஜியும் சர்க்கரை தூக்கலான ஒரு டீயும் எடுத்துக்கொண்டால், கணக்கு அநேகமாக நேராகிவிடும்! முதல் வாரத்தில் எடைக்கருவி காட்டும் இறக்கத்திலும் நீருக்குப் பங்குண்டு. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும்.

எந்த வேளையை விடுவது என்பது எனக்கு இதைவிடச் சுவையான கேள்வி. உடலின் உள்கடிகாரப்படி இன்சுலின் காலையில் நன்றாக வேலை செய்யும், இரவில் மந்தமாகும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த ஆண்கள் ஐந்து வாரங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே அன்றைய கடைசி உணவை முடித்துக்கொண்டார்கள். எடை குறையாமலே அவர்களின் இரத்த அழுத்தமும் இன்சுலின் செயல்பாடும் மேம்பட்டன. எட்டே பேர் என்பதால் பெரிதாக முழங்க முடியாது. ஆனாலும் உடலைக் கேட்டால் இட்லியை வைத்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டை விடச் சொல்லும்போல. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காருவதோ இரவில்தான்.

நீரிழிவுக்காக இன்சுலின் ஊசியோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. கிளிமெபிரைடு, உணவு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். சர்க்கரை அளவு தாழ்ந்து வியர்வை, நடுக்கம், சில சமயம் மயக்கம் வரை போய்விடும். ரமலான் நோன்புக்கு முன்பே மருத்துவர்கள் மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவது இதனால்தான்.