டயர் எறியும் கல் எங்கே போகிறது?

மழை நாளில் மட்கார்டு இல்லாத சைக்கிளை ஓட்டியவர்களின் சட்டை முதுகில் ஒரு கோடு விழுந்திருக்கும். இடுப்பில் தொடங்கிப் பிடரி வரை, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரே நேர்கோடு. டயர் சேற்றைக் கண்டபடி வாரி இறைப்பதில்லை என்பதற்கு அந்தச் சட்டையே சாட்சி.

தினமும் வேலைக்குப் போய்வரப் பயன்படும் கார், ஆனால் கொஞ்சம் தாழ்ந்தது, டயர் அகலமானது, பின்சக்கரத்துக்கு மேலே இடுப்புபோலப் புடைத்து நிற்பது. அப்படி ஒரு ஸ்போர்ட்டி காரை வாங்கியவருக்குச் சில வாரங்களில் ஒரு சந்தேகம் வந்தே தீரும்: சக்கரத்துக்குப் பின்னால் சேற்றை மறிக்கத் தொங்கும் பட்டை இருக்கிறதே, அந்த மட்ஃப்ளாப்பை இதற்கு மாட்டலாமா? மாட்டினால் அழகு போய்விடும் என்பார் ஒருவர், மாட்டாவிட்டால் பெயின்ட் போய்விடும் என்பார் இன்னொருவர். அழகு அவரவர் கண்ணில் இருக்கட்டும். பெயின்ட் விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கவணில் கல்லைச் சுழற்றி விட்டவர்களுக்குத் தெரியும், கையைத் தளர்த்திய கணத்தில் கல் வட்டத்தை விட்டுத் தொடுகோட்டில் பறக்கும். டயரும் ஒரு கவண்தான். அதில் கல்லைப் பிடித்திருப்பது கை அல்ல, டயர் பட்டன்களுக்கு நடுவே உள்ள இடுக்கு. மணிக்கு 72 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். டயரின் ஆரம் 31 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பட்டனில் சிக்கிய கல் உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் 130 மடங்கு. 1 கிராம் கல்லை 130 கிராம் எடை வெளியே இழுப்பதற்குச் சமம் இது. 100 கி.மீ. வேகத்தில் 250 கிராமாகிவிடும். லேசாக ஒட்டிய மண்ணும் நீரும் தரையை விட்டு எழுந்த உடனேயே கழன்றுவிடும். இறுகச் சிக்கிய கல் இன்னும் கொஞ்சம் மேலே ஏறிய பிறகு விடுபடும். ஸ்போர்ட்டி கார்களின் டயர் ரப்பர் மென்மையானது, சூடேறினால் இன்னும் இளகும். அதனால் பொடிக்கல்லை ஒட்டிக்கொண்டு வருவதில் அது கெட்டிக்காரன்.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. டயர் கல்லைப் பின்னால் வீசி எறிகிறது என்றே எல்லோரும் சொல்கிறோம். காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். சாலையோரம் நிற்பவரைக் கேளுங்கள், கதையே வேறு. உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது, உச்சியில் இருக்கும் புள்ளி காரின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னே ஓடுகிறது. எனவே சக்கரம் வழுக்காமல் உருளும்வரை எந்தக் கல்லும் சாலையைப் பொறுத்து பின்னால் போவதே இல்லை. தரையைத் தொட்ட இடத்திலிருந்து 30 பாகை சுழன்றதும் விடுபடும் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 72 கி.மீ. வேகக் காரில் அது மேல்நோக்கி 36 கி.மீ. வேகத்திலும் முன்னோக்கி 10 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகத்திலும் போகிறது. அதாவது கல் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே குதிக்கிறது. பின்னால் வரும் கார்தான் ஓடிவந்து அதன்மேல் மோதுகிறது. கண்ணாடி உடைந்தவர் முன்னால் போன காரைத் திட்டுவார். பாதி வேலையைச் செய்தது அவருடைய சொந்த வேகம் என்று அந்த நேரத்தில் அவரிடம் சொல்லிப் பார்க்க நான் தயாராக இல்லை.

இனி கேள்வி எளிது. எந்தக் கோணம் வரை விடுபடும் கற்கள் வெளியே தப்புகின்றன? அதற்கு மேற்பட்ட கோணத்தில் கிளம்பும் கற்களை, சக்கரத்தின் மேல் வளைந்து நிற்கும் வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை வாங்கிக்கொள்ளும், உள்ளே கடகடவென்று சத்தம் கேட்குமே, அதுதான். தப்பும் கோணத்தைத் தீர்மானிப்பது ஆர்ச்சின் பின்பக்கக் கீழ்முனை. அது சக்கர மையத்துக்கு 40 செ.மீ. பின்னால், தரையிலிருந்து 22 செ.மீ. உயரத்தில் இருப்பதாக ஒரு காரை வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 36 பாகை வருகிறது. அதே இடத்தில் ஒரு மட்ஃப்ளாப்பை மாட்டி, முனையைத் தரையிலிருந்து 10 செ.மீ. வரை இறக்கினால் 16 பாகை.

36-லிருந்து 16 என்றால் பாதியாகக் குறைந்தது என்று தோன்றும். ஆனால் கல் எழும்பும் உயரம் அந்தக் கோணத்தின் சைன் மதிப்பின் இருமடியைப் பொறுத்தது. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 72 கி.மீ. வேகத்தில் 36 பாகையில் கிளம்பும் கல் 7 மீட்டர் உயரம் போகும், 16 பாகைக் கல் ஒன்றரை மீட்டரோடு சரி. பின்னால் வருபவருக்கும் கணக்கு மாறுகிறது. முன்னதில் சுமார் 39 மீட்டர் இடைவெளி விட்டு வருபவர்மேல்கூடக் கல் விழலாம். பின்னதில் அந்த ஆபத்து 22 மீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. வெறும் 12 செ.மீ. ரப்பர் செய்யும் வேலை இது.

போகிற போக்கில் ஒரு வேடிக்கை: ஸ்பிரிங்கை மாற்றி காரை 3 செ.மீ. தாழ்த்தினால் அந்த 36 பாகை தானாகவே 31 ஆகிவிடும். தாழ்ந்த கார் கொஞ்சம் தனக்குத் தானே மட்ஃப்ளாப்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கார்களின் சக்கர மறைப்பு பற்றி ஐரோப்பாவில் 1978-இல் வந்த விதி, சக்கர மையத்துக்கு மேலே முன்பக்கம் 30 பாகை, பின்பக்கம் 50 பாகை வரை டயரின் முழு அகலமும் மூடியிருக்க வேண்டும் என்கிறது. பின்பக்கம் அந்த மறைப்பின் விளிம்பு சக்கர அச்சுக்கு மேல் 15 செ.மீ. உயரம் வரை இருக்கலாம் என்றும் விட்டுவிடுகிறது. அச்சுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதில் அதற்கு அக்கறை இல்லை. நாம் பேசும் கற்கள் முழுக்க அந்தக் கீழ்ப்பகுதியில் கிளம்புபவை. கார் தொழிற்சாலையை விட்டு வரும்போதே எல்லாம் யோசித்துத்தான் செய்திருப்பார்கள் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் அவ்வளவு பலமானது அல்ல.

ராலி பந்தயக்காரர்கள் இதை வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். உலகக் கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் விதிப்படி ராலி கார்களில் மாட்டும் தடுப்புகள் வளையும் பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும், கார் ஆளில்லாமல் நிற்கும்போது அவற்றின் கீழ்முனை தரையிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. சாலையில் ஓடும் ஸ்போர்ட்டி கார்களில் சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்கும் பட்டைகளுக்கு ஆசை அங்கிருந்துதான் வந்தது.

சரி, சொந்தக் காருக்கு என்ன லாபம்? ஒரு காரின் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் தடிமன், இரண்டு தலைமுடியை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வருவது. ஒரு கிராம் கல் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 0.2 ஜூல். கேட்க ஒன்றுமில்லை. ஆனால் அது முழுவதும் கல்லின் ஒரு கூர்முனையில், ஊசிமுனை அளவு இடத்தில் இறங்குகிறது. ஒரு கல் ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆயிரக்கணக்கில் வரும் மணலும் பொடிக்கல்லும் கதவுக்கு அடியில் ஓடும் விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் ஆக்கிவிடும். தகடு வெளியே தெரிந்த இடத்தில் துரு ஏறும்.

இந்தக் கற்களை எறிவது முன்சக்கரம். எனவே காரைக் காப்பது முன்பக்க மட்ஃப்ளாப்தான். பின்சக்கரத்து மட்ஃப்ளாப் பெரும்பாலும் அடுத்தவர்களுக்கானது, பின்பக்க பம்பரின் கீழ் ஓரத்துக்கும் கொஞ்சம் உதவும்.

ஆனால் முன்பக்க மட்ஃப்ளாப்பும் எல்லாவற்றையும் காப்பாற்றாது, விற்பவர் சொல்லாத சங்கதி இது. காரைப் பொறுத்தவரை கல் தொடுகோட்டில் நேராகப் பின்னால் வருகிறது. செங்குத்தான கோணத்தில் கிளம்பியது கதவடி விளிம்பையும் கதவின் முன்பகுதியையும் தாக்கும், அதை மட்ஃப்ளாப் மறித்துவிடும். படுக்கையான கோணத்தில், 6 முதல் 16 பாகைக்குள் கிளம்பியது எங்கே போகும்? இரண்டு மீட்டருக்கு அப்பால் இருக்கும் பின்சக்கர வளைவின் முன்விளிம்புக்கு. 10 பாகைக் கல் அங்கே சுமார் 38 செ.மீ. உயரத்தில் இடிக்கும். ஸ்போர்ட்டி காரில் மிகவும் புடைத்து, முன்சக்கரத்தின் நேர்வரிசைக்கு வெளியே துருத்தி நிற்பதும் அதே இடம்தான். அந்த 10 பாகைக் கல்லை மறிக்க வேண்டுமானாலே மட்ஃப்ளாப்பின் முனை தரையிலிருந்து ஆறேழு செ.மீ. வரை இறங்க வேண்டும். தினமும் வேகத்தடை ஏறி இறங்கும் காரில் அது நடக்காது. அதனால்தான் சில கார்களில் அந்த இடுப்புப் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத பாலியூரித்தேன் படலத்தைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்புகிறார்கள். 150 முதல் 200 மைக்ரான் தடிமன் உள்ள அந்தப் படலம் கல்லின் அடியை நெகிழ்ந்து வாங்கிக்கொள்ளும். மட்ஃப்ளாப்பா படலமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்வதைவிட, கதவடிக்கு மட்ஃப்ளாப், இடுப்புக்குப் படலம் என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. டயரின் ஓரம் கல்லை நசுக்கிப் பக்கவாட்டில் தெறிக்கவிடும் ஒரு வித்தை உண்டு, அதற்கு இரண்டாலும் மருந்தில்லை.

நீரின் கதை கல்லைப்போல் அவ்வளவு நேரானது அல்ல. பெரிய துளி காற்றில் வேகமாகப் போனால் சிதறிவிடும். துளியைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பரப்பு இழுவிசைக்கும் காற்றின் அழுத்தத்துக்கும் நடக்கும் இழுபறியில், காற்றின் சார்பு வேகம் நொடிக்கு 20 மீட்டரானால் 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளிகள் பிளக்கத் தொடங்கும். 28 மீட்டரானால் 1 மில்லிமீட்டர்த் துளிகூடத் தாங்காது. மழையில் லாரிக்குப் பின்னால் எழும் வெண்புகை இப்படிப் பொடிந்த நீர். வழவழப்பான மட்ஃப்ளாப்பில் துளி மோதினால் அங்கேயும் தெறித்துப் பொடியாகும் என்பது ஒரு சிக்கல். ஐரோப்பாவில் கனரக வாகனங்களுக்கு 1991-லேயே நீர்த்தெறிப்பை அடக்கும் கருவிகளுக்கென்று தனி விதி வந்தது. அந்தத் தடுப்புகளில் ஒரு வகையில் புல்போல இழைகள் நிற்கும், துளியின் வேகத்தை உறிஞ்சிக் கீழே வடியவிடும். காருக்கு அவ்வளவு தேவைப்படாது.

ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்கள், பின்கண்ணாடி அழுக்காவது நிற்கும் என்று நம்பி மட்ஃப்ளாப் மாட்டினால் பாதி ஏமாற்றம்தான். செங்குத்தாக முடியும் பின்பக்கத்துக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, காற்று சுழன்று மேலேறும். கீழே மிதக்கும் நீர்த்தூளை அது கண்ணாடி வரை தூக்கிக்கொண்டு போகும். மட்ஃப்ளாப் அந்தத் தூளின் அளவைக் குறைக்கும், சுழலை நிறுத்தாது.

காற்றுத்தடை கூடுமே, எரிபொருள் வீணாகுமே என்று கேட்பவர்களுக்கு: கூடும், ஆனால் பயப்படும் அளவுக்கு அல்ல. காரின் மொத்தக் காற்றுத்தடையில் சுமார் கால் பங்கு ஏற்கெனவே சக்கரங்களாலும் அவற்றின் பொந்துகளாலும் வருவது. மட்ஃப்ளாப்பின் பெரும்பகுதி டயரின் நிழலில் ஒளிந்திருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று செ.மீ. மட்டுமே காற்றைப் புதிதாகச் சந்திக்கிறது. என் தோராயக் கணக்கில் நான்கும் சேர்ந்து இரண்டு விழுக்காடு வரலாம். வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்காகும் என்பதால், பந்தயத் தடத்தில் ஓட்டுபவர் அன்றைக்குக் கழற்றி வைப்பது நல்லது. அந்த வேகத்தில் மெல்லிய பட்டை பின்னால் வளைந்து தூக்கிக்கொள்ளும், எதையும் மறிக்காது.

மாட்டும்போது கவனிக்க வேண்டிய பகை கல்லல்ல, மட்ஃப்ளாப்பேதான். அது பெயின்டை ஒட்டி நிற்கும் இடத்தில் தூசி புகுந்துவிட்டால், கார் அதிரும்போதெல்லாம் இரண்டும் உரசும். பெயின்டைக் காக்க மாட்டியது பெயின்டைத் தின்றுவிடும். ஈரச்சேறு அங்கே தங்கினால் துரு. மாட்டுவதற்கு முன் அந்த விளிம்பில் படலத் துண்டு ஒன்றை ஒட்டிவிட வேண்டும், முடிந்தவரை ஏற்கெனவே இருக்கும் திருகுத் துளைகளையே பயன்படுத்த வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறையாவது இடுக்கில் நீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். கடினமான வார்ப்புப் பிளாஸ்டிக் அழகாகப் பொருந்தும், ஆனால் தட்டினால் உடையும். பாலியூரித்தேன் குளிரிலும் வளையும். முன்சக்கரத்தை இருபுறமும் முழுக்க ஒடித்து, டயர் உரசவில்லை என்று பார்த்த பிறகே திருகை இறுக்க வேண்டும்.

முன்னோக்கிப் போகும்போது தரையில் உரசினால் மட்ஃப்ளாப் பின்னால் மடங்கிக் கொடுக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது நடைபாதை விளிம்பில் ஏறினால் அது டயருக்கும் விளிம்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும், திருகோடு பிய்ந்து வரும். என் காரில் ஒன்று அப்படித்தான் போனது.

வாங்குவதற்கு முன் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்டயரின் பின்பக்கத்தைத் தொட்டபடி ஆர்ச்சின் கீழ்முனை வழியாக நேராக இழுத்துப் பிடியுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே கிளம்புவதெல்லாம் வெளியே வரும். பிறகு ஆர்ச்சின் கீழ்முனையில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டு, உங்கள் வேகத்தடைகள் அனுமதிக்கும் வரை இறக்கி, அட்டையின் முனை வழியாக நூலை மறுபடி இழுத்துப் பாருங்கள். நூல் எவ்வளவு படுத்தது என்பது கண்ணெதிரே தெரியும். ஒரு விரற்கடைகூட மாறவில்லை என்றால் மட்ஃப்ளாப் காசைப் படலத்தில் போடலாம்.