சுண்டெலிக்குப் பென்சில் அளவு வழி போதும்

வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை என்று நீளும் எல்லையோரத் தோட்டங்களில் எந்த மோட்டார் ரூமைத் திறந்தாலும் உள்ளே கிடப்பவை ஏறக்குறைய ஒன்றுதான். சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, தரையில் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், உர மூட்டை, மாட்டுக்குப் புண்ணாக்கு, விதைக்கு எடுத்து வைத்த நிலக்கடலை, மூலையில் மடித்துப் போட்ட சாக்குகள். கேரள எல்லைக்குள் இருந்தாலும் வீட்டில் தமிழ் பேசுகிற இந்தக் கிழக்குச் சித்தூர்ப் பகுதியில் மழை, பாலக்காட்டின் மற்ற இடங்களைவிடக் குறைவு. கடலை பறித்து வயல் வெறுமையாகும் நாள்களிலும், மழை பிடித்து வளைகளில் நீர் இறங்கும் நாள்களிலும் சுண்டெலி இந்த அறைகளைத் தேடி வந்துவிடும். வயர் கடிபட்டு மோட்டார் நின்ற பிறகுதான் பலரும் கவனிக்கிறார்கள். கவனித்த கையோடு கடைக்குப் போய் எலி மருந்து வாங்குகிறார்கள். அந்தப் பணத்தை முதலில் சிமென்ட்டுக்கும் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலைக்கும் செலவிட வேண்டும் என்பதே என் கட்சி. அதற்கான காரணங்கள் அந்தச் சின்ன உடலிலேயே இருக்கின்றன.

வந்திருப்பது யார் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எலி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வரப்பைத் தோண்டுவது ஒன்று, தென்னையின் உச்சியில் இருந்துகொண்டு இளங்காயைத் துளைப்பது வேறொன்று, சுவரின் அடிமண்ணையே பறித்துப் போடும் பெருச்சாளி இன்னொன்று. சுண்டெலியின் எடை 15 முதல் 20 கிராம்தான். அதன் புழுக்கை 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமானது கிடந்தால் வந்திருப்பது பெரிய எலி. கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடி, ஒரு கடும் வாடையை விட்டுச் செல்லும் நீள மூக்கு மூஞ்சூறு எலி இனமே இல்லை. கரப்பானையும் வண்டையும் தின்று வாழும் அதை எலியென்று அடித்துப் போடுவது பெரிய அநியாயம்.

சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். கதவின் அடியிலோ வயர் வரும் குழாயைச் சுற்றியோ ஒரு பென்சில் நுழைந்தால் அதை வாசல் என்றே கொள்ளலாம். அது எலும்பே இல்லாததுபோல் சுருங்கிக்கொள்ளும், அதன் மண்டையோடு மடங்கும் என்று சிலர் சொல்வார்கள். மண்டையோடு மடங்குவதில்லை; எந்த ஓட்டையில் நுழையலாம் என்பதை முடிவு செய்வதே அதுதான். தோள்கள் குறுகியவை, மார்புக்கூடு நெகிழ்ந்து கொடுப்பது. அதனால் தலை போய்விட்டால் உடல் பின்னாலேயே போய்விடுகிறது. இருட்டில் அளவெடுக்கும் வேலையை மீசை மயிர்கள் செய்கின்றன. திறந்த வெளியைக் கடக்க அதற்கு அச்சம். சுவரில் மீசை உரசும்படி ஓரமாகவே ஓடும். பொறியை அறையின் நடுவில் வைப்பவர்களுக்கு ஒன்றும் அகப்படாததன் காரணம் இதுதான். சொரசொரப்பான செங்கல் சுவரில் செங்குத்தாக ஏறும், வயரைப் பிடித்துக்கொண்டு நடக்கும், நின்ற இடத்திலிருந்து ஓர் அடி உயரம் தாவும். ஓட்டுக் கூரைக்கும் சுவர்த் தலைக்கும் இடையிலுள்ள சந்தை விட்டுவிட்டுக் கீழே மட்டும் அடைத்தால் பயனில்லை.

பற்களின் அமைப்பு வியக்க வைப்பது. மேலும் கீழும் இரண்டிரண்டாக உள்ள முன்பற்கள் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றின் முன்பக்கத்தில் மட்டும்தான் கடினமான எனாமல் பூச்சு உண்டு. அதில் இரும்பு கலந்திருப்பதால்தான் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம். பின்பக்கம் அதைவிட மென்மையான டென்டின். கடிக்கக் கடிக்க மென்மையான பின்பக்கம் விரைவாகத் தேயும், முன்பக்கம் மெதுவாகத் தேயும். விளிம்பு தச்சனின் உளியைப் போலச் சரிவாகக் கூர் ஏறிக்கொண்டே இருக்கும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிக்கும்போது உதட்டை அந்த இடைவெளிக்குள் இழுத்து மூடிக்கொள்ளும். மரத்தூளும் பிளாஸ்டிக் துணுக்கும் தொண்டைக்குள் போகாது. வயரின் உறையை அது தின்பதில்லை, கடித்துத் துப்புகிறது. கடிக்காவிட்டால் பல் நீண்டு செத்துவிடும், அதனால்தான் வயரைக் கடிக்கிறது என்று நம்புகிறோம். ஆனால் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ஒன்றோடொன்று உரசியே அது அவற்றை அளவாக வைத்துக்கொள்கிறது. வழியில் குறுக்கே நிற்பதைக் கடிப்பதும், கூட்டுக்கு நார் உரிப்பதும், புதிய பொருளைக் கடித்துப் பார்ப்பதும் அதன் அன்றாட வேலை. ஸ்டார்ட்டர் வயர் அதில் அகப்பட்டுக்கொள்கிறது. பல் இவ்வளவு வலுவானது என்பதால் பஞ்சு, துணி, மரத்துண்டு, ஸ்பிரே நுரை எதை வைத்து ஓட்டையை அடைத்தாலும் ஓரிரு இரவுக்குமேல் தாங்காது.

இதைவிட நுட்பமானது அதன் சிறுநீர். சுண்டெலி ஓரிடத்தில் நின்று கழிப்பதில்லை. போகிற வழியெல்லாம் சிறு துளிகளாக விட்டுக்கொண்டே போகும். அந்தத் துளிகளில் ஒரு வகைப் புரதங்கள் ஏராளமாக உண்டு. அவை வாசனை மூலக்கூறுகளைத் தம் நடுவிலுள்ள குழிக்குள் பிடித்து வைத்து மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. துளி காய்ந்த பிறகும் வாசனை அழியாமல் நிற்பது இப்படித்தான். யார் கடந்து போனார், ஆணா பெண்ணா, உறவா அயலா என்பதெல்லாம் அடுத்து வரும் எலிக்கு அதில் தெரிந்துவிடுகிறது. 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜேன் ஹர்ஸ்ட் குழுவினர் ஆண் எலியின் சிறுநீரில் பெண்ணை ஈர்க்கும் ஒரு புரதத்தைக் கண்டறிந்து அதற்கு டார்சின் என்று பெயரிட்டார்கள். அந்தப் புரதம் பட்ட இடத்தைப் பெண் எலி ஒரே ஒரு முறை முகர்ந்தாலும் நினைவில் வைத்துக்கொண்டு, வாசனையை அகற்றிய பிறகும் அந்த இடத்தையே தேடி வருகிறது என்று பிறகு காட்டினார்கள். பழைய எலிகளைக் கொன்றுவிட்டு அறையைக் கழுவாமல் விடுகிறவர், புதிய எலிகளுக்கான அழைப்பைச் சுவரோரம் விட்டு வைத்திருக்கிறார்.

அந்த அழைப்புக்கு இணங்கி வருவதற்கு ஆள் பஞ்சம் இராது. பெண் சுண்டெலியின் கர்ப்ப காலம் 3 வாரம். ஓர் ஈற்றில் 5, 6 குட்டிகள் சாதாரணம். ஈன்ற ஒரு நாளுக்குள் மறுபடியும் சினையாக முடியும். குட்டிகள் ஏறக்குறைய 6 வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார். ஓர் அறையில் எத்தனை எலி வாழும் என்பதை அங்கிருக்கும் தீனியும் ஒளிவிடமுமே தீர்மானிக்கின்றன. ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3, 4 கிராம் தானியம் போதும். தானியத்திலேயே ஓரளவு ஈரம் இருந்தால் தனியாகத் தண்ணீர்கூட வேண்டியதில்லை. புண்ணாக்கு மூட்டையும் கடலைச் சாக்கும் அப்படியே இருக்க, பத்து எலியில் எட்டைக் கொன்றாலும் மீதி இரண்டுக்கும் தீனிப் போட்டி குறைந்து குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கும். சில மாதங்களில் பழைய கணக்கு திரும்பிவிடும்.

மருந்தின் கதையும் இங்கே தெரிய வேண்டும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் விழுங்குவதற்கு முன்பே எச்சரிக்கையாக இருக்கிறது. 1955இல் அமெரிக்காவில் ஜான் கார்சியாவும் உடன் ஆய்வாளர்களும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரோடு கதிர்வீச்சையும் கொடுத்தார்கள். உடல் நலம் குன்றிய எலிகள் அதன் பிறகு இனிப்புத் தண்ணீரைத் தவிர்த்தன. தின்றதையும் துன்பத்தையும் எலி இணைத்துப் புரிந்துகொள்கிறது. உடனே வேலை செய்யும் நஞ்சைக் குறைவாகத் தின்று பிழைத்த எலி, அந்தத் தீனியை மறுபடி தொடாது. கடைகளில் கிடைக்கும் கறுப்பு நிறத் துத்தநாக பாஸ்பைடு இந்த வகை. வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பைன் என்ற நச்சு வாயுவாகிறது. அதற்குத் தனி முறிவு மருந்தும் இல்லை.

இந்தச் சிக்கலைத் தாண்டிய மருந்து மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. வட அமெரிக்காவில் 1920களில் இனிப்புக் குளோவர் என்ற தீவனச் செடியின் பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் 1939, 1940 ஆண்டுகளில் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழி வந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தானது. பின்னர் மனிதர்களுக்கு இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையும் ஆனது. இரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் உருவாக்க வைட்டமின் கே வேண்டும். ஒரு முறை பயன்பட்ட வைட்டமின் கே மீண்டும் பயன்படும் நிலைக்குத் திரும்புவதை இந்த மருந்து தடுக்கிறது. உடலில் ஏற்கெனவே உள்ள புரதங்கள் தீரச் சில நாள் ஆகும். அதற்குள் தின்றதையும் துன்பத்தையும் இணைக்க எலிக்கு வழியில்லாமல் போகிறது. 1958இல் ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்குச் சாகாத எலிகள் தென்பட்டன. அதனால் புரோமாடியோலோன் போன்ற வீரியம் மிக்க மருந்துகள் வந்தன. இன்று கேக் வடிவில் விற்பது பெரும்பாலும் இதுவே.

வீரியம் கூடக் கூட அது செத்த எலியின் கல்லீரலிலும் நெடுநாள் தங்குகிறது. மருந்து தின்ற எலி உடனே சாகாமல் தள்ளாடித் திரியும். அதைத் தூக்கிச் செல்வது கூகை, பூனை, நாய். தென்னந்தோப்பில் இரவெல்லாம் எலி பிடித்துத் தரும் கூகைக்கு நாம் நஞ்சு ஊட்டுகிறோம். பசையாக வரும் மஞ்சள் பாஸ்பரஸைத் தோட்டத்துக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது என்பேன். அது மனித வயிற்றுக்குள் போனால் தொடக்கத் தொல்லைகள் தணிந்து சரியானதுபோல் இருந்து, சில நாளில் கல்லீரலைச் சிதைத்துவிடும். பிள்ளைகள் எந்த எலி மருந்தையாவது தின்றதாகச் சந்தேகம் வந்தாலே, நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்காமல் அந்த உறையோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆகவே முதல் வேலை அடைப்பது. பகலில் உள்ளே நின்று கதவைச் சாத்தினால் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் தெரிந்துவிடும். சுவர் ஓட்டைக்குச் சிமென்ட் கலவையோடு உடைந்த கண்ணாடிச் சில்லைச் சேர்த்துப் பூசும் நம் ஊர்ப் பழக்கம் சரியானதுதான். வயர் வரும் குழாயின் வாயில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை இறுக்கித் திணித்து மேலே பூச வேண்டும். கதவின் அடியில் தகரப் பட்டை, சன்னலிலும் கூரைச் சந்திலும் 6 மில்லிமீட்டர் கண் உள்ள வலை. தீவனமும் விதையும் மூடியுள்ள தகர டிரம்முக்குப் போக வேண்டும். சாக்கும் பிளாஸ்டிக் வாளியும் அந்தப் பல்லுக்கு நிற்காது. மிச்சமுள்ள பொருள்களைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பலகைமேல் அடுக்கினால் கூடு கட்டுவது உடனே கண்ணில் படும். எலி குறைந்தால் அதன் வாசனையைப் பிடித்து வரும் நாகமும் கண்ணாடி விரியனும் குறையும். இருட்டில் மோட்டார் போடப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய ஆதாயம் இல்லை.

உள்ளே மாட்டிக்கொண்டவற்றுக்கு வில்பொறி போதும். பெரிய எலி புதிய பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கும். சுண்டெலி மாறாக ஆவலோடு வந்து பார்க்கும். ஆனால் அது ஓரிடத்தில் வயிறு நிறையத் தின்னாமல் இரவு முழுக்கப் பல இடங்களில் கொறித்துக்கொண்டு திரியும். கூட்டிலிருந்து சில மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போகாது. ஒரே பொறியைப் பல நாள் வைப்பதைவிட ஒரே இரவில் ஐந்தாறு பொறியை இரண்டு மீட்டருக்கு ஒன்றாக, தீனிப் பக்கம் சுவரைத் தொடும்படி வைப்பதே பலன் தரும். சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ கடலையோ, சிறிதளவு போதும். பசை அட்டை வேண்டாம். எலி அதில் மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது, பல்லியும் குருவியும்கூட ஒட்டிக்கொள்கின்றன. மின்சாரத்தில் செருகும் ஒலிக் கருவிகளுக்குப் பணம் போட வேண்டாம். அந்த ஒலி மூட்டையையும் சுவரையும் தாண்டாது, சில நாளில் எலிக்கும் பழகிவிடும்.

கடைசியாகச் சுத்தம் செய்வது. இதில் அவசரம் கூடாது. எலியின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா நுண்ணுயிர் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்; காலிலுள்ள வெடிப்பு, கையிலுள்ள கீறல், கண் வழியாக உள்ளே போகும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் முழுவதும் இந்த நுண்ணுயிரால் வரும் எலிப்பனி என்ற எலிக்காய்ச்சல் பரவியதை இங்குள்ளவர்கள் பார்த்திருக்கிறார்கள். வெள்ளநீரில் இறங்கியவர்களுக்குச் சுகாதாரத் துறை டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்ததும் நினைவிருக்கும். மோட்டார் ரூமை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பக் கூடாது. கதவைத் திறந்து காற்றோட விட்டு, கையுறையும் பூட்ஸும் அணிந்து, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கை மீதும் சுவரோரத் தரையிலும் தெளித்து, சிறிது நேரம் ஊறிய பிறகு துடைத்தெடுக்க வேண்டும். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் தலைவலியும், கெண்டைக்காலில் கடும் வலியும், கண் சிவப்பும் வந்தால் மருத்துவரிடம் எலி இருந்த அறையைச் சுத்தம் செய்ததைச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி இரண்டு மூன்று நாளை வீணாக்கிவிட வாய்ப்பு அதிகம்.