எல்க் மானின் கொம்பை இயக்கும் கடிகாரம்

செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வழிகாட்டி ஒருவரோடு வேனில் சுற்றிப் பார்த்தார்களாம். "ஆண் எல்க் மான்களின் கொம்பு வருடாவருடம் விழுந்து மறுபடி முளைக்கும் என்று வழிகாட்டி சொன்னார். அவ்வளவு பெரிய கொம்பு சில மாதங்களுக்குள் எப்படி வளரும்? அதுவும் எல்லா ஆண்களுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் எப்படி?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் முதல் கேள்வியைத் தாண்டித்தான் அதற்குப் போக முடியும்.

இலையுதிர் காலத்தில் யெல்லோஸ்டோனுக்குப் போகிறவர்கள் பலவற்றைப் பார்க்கலாம். கரடிகள் குளிர்கால உறக்கத்துக்கு முன்னால் கொழுப்புச் சேர்க்க ஓயாமல் தின்றுகொண்டிருக்கும். பைசன்களின் இணைசேரும் பருவம் ஆகஸ்டோடு பெரும்பாலும் முடிந்திருக்கும். செப்டம்பரும் அக்டோபரின் முதல் பாதியும் எல்க் மான்களுக்கு உரியவை. ஏறத்தாழ 320 கிலோ எடையுள்ள ஆண், பெண்மான்களைச் சுற்றி வளைத்து வைத்துக்கொண்டு, நெருங்கி வருகிற ஒவ்வொரு போட்டியாளனையும் பார்த்துக் கூவும். அந்தக் கூவலை நேரில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து விசில் மாதிரி ஒரு கீச்சொலி வரும். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அதில் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகள் கலந்திருப்பதைக் காட்டியது. ஒன்று 150 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த உறுமல். மற்றது 4,000 ஹெர்ட்ஸ் வரை ஏறுகிற விசில்.

சரி, கொம்புக்கு வருவோம். மாடு, ஆடு இவற்றின் கொம்பு வேறு வகை. உள்ளே எலும்பு, மேலே நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின் உறை, ஆயுள் முழுவதும் ஒரே கொம்பு. மானின் கிளைக்கொம்பு முழுக்க முழுக்க எலும்பு. எல்க்கில் ஆணுக்கு மட்டுமே உண்டு. நன்கு வளர்ந்த ஆணுடைய ஒவ்வொரு கொம்பும் ஏறத்தாழ 140 முதல் 150 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஜோடியின் எடை 14 கிலோவுக்குப் பக்கத்தில். மார்ச், ஏப்ரலில் பழைய கொம்பு விழும். மே மாதத்தில் புதிய கொம்பின் வளர்ச்சி வேகம் பிடிக்கும். உச்ச வேகத்தில் ஒரே நாளில் 1.7 சென்டிமீட்டர்கூட வளரும். ஆகஸ்டில் எல்லாம் முடிந்துவிடும். பாலூட்டிகளின் உடம்பில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறு கிடையாது.

வளரும்போது கொம்பின் மேல் மெல்லிய ரோமம் அடர்ந்த தோல் போர்த்தியிருக்கும். அதைத்தான் வெல்வெட் என்கிறார்கள். அதற்குள் ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடும். தொட்டால் சூடாக இருக்கும். நரம்புகளும் உண்டு, அவையும் கொம்பின் வேகத்துக்கே நீள வேண்டும். வளர்ச்சி நடப்பது நுனியில். அங்கே செல்கள் பெருகி முதலில் குருத்தெலும்பு ஆகின்றன. பின்னால் தங்கிவிட்ட பகுதியில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து எலும்பாக மாறுகிறது.

இவ்வளவு கால்சியம் எங்கிருந்து வருகிறது? மேய்கிற புல்லும் இலையும் போதாது. ஆகவே மான் தன் எலும்புக்கூட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. முக்கியமாக விலா எலும்புகளிலிருந்து. கொம்பு கெட்டிப்படும் மாதங்களில் விலா எலும்பின் அடர்த்தி குறைகிறது. மனிதர்களுக்கு முதுமையில் வரும் எலும்பு மெலிவு போன்ற நிலை அது. ஆனால் மானுக்கு அது தற்காலிகம். கொம்பு முடிந்த பிறகு மேய்ச்சலிலிருந்து கிடைக்கும் கால்சியம் விலாவுக்குத் திரும்பிப் போகிறது. எலும்பு மெலிந்து, தானாகத் தேறி, அடுத்த கோடையில் மறுபடி மெலிகிறது.

ஆகஸ்டில் நடப்பது விசித்திரமானது. கொம்பு கெட்டிப்பட்டதும் வெல்வெட்டுக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். தோல் காய்ந்து கிழியும். ஆண்கள் புதர்களிலும் மரங்களிலும் தேய்த்து அதை உரித்துப் போடும். அதாவது செப்டம்பரில் சுற்றுலாப் பயணிகள் வியந்து படமெடுக்கும் கொம்புக்கு மேலே உயிருள்ள தோல் இல்லை, வலி இல்லை, வளர்ச்சியும் இல்லை. இரண்டு ஆண்கள் முட்டிக்கொள்வதற்கு அதுதானே வசதி.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. எந்த மாதத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று மானுக்கு எப்படித் தெரிகிறது?

குளிரை வைத்து முடிவெடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் மலைப்பகுதியில் வெப்பநிலையை நம்ப முடியாது. ஒரு வருடம் செப்டம்பர் தொடக்கத்திலேயே பனி விழும், இன்னொரு வருடம் அக்டோபரிலும் வெயில் அடிக்கும். வருடத்துக்கு வருடம் நிமிடக் கணக்கில்கூட மாறாத ஒன்று உண்டென்றால் அது பகலின் நீளம். யெல்லோஸ்டோன் ஏறத்தாழ 44.6 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே ஜூன் 21 அன்று பகல் சுமார் பதினைந்தரை மணி நேரம். டிசம்பர் 21 அன்று ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. செப்டம்பர் கடைசியில் ஒவ்வொரு நாளும் மூன்று நிமிடம் போல் குறைந்துகொண்டே வரும். மான் அளப்பது இதைத்தான்.

அளக்கும் கருவி மூளையின் நடுவில் இருக்கும் பினியல் சுரப்பி. கண்ணில் விழும் வெளிச்சம் பற்றிய செய்தி மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்புத் தொகுப்பு வழியாக அதற்குப் போகிறது. இருட்டில் மட்டுமே பினியல் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வெளிச்சம் வந்தால் நிறுத்திவிடுகிறது. எனவே ரத்தத்தில் மெலடோனின் இருக்கும் நேரத்தின் நீளமே இரவின் நீளம். ஜூனில் அது சில மணி நேரம்தான். டிசம்பரில் அதைப் போல இரண்டு மடங்குக்குப் பக்கம். ஒரு ஹார்மோன் எவ்வளவு சுரக்கிறது என்பதை விட எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது செய்தியாக மாறுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. எத்தனை எளிய, எத்தனை நம்பகமான ஏற்பாடு!

இந்தச் செய்தியைப் பிட்யூட்டரி சுரப்பியும் அதன் மேலிருக்கும் ஹைப்போதலாமஸும் படிக்கின்றன. ஜூன் தாண்டி இரவு நீள ஆரம்பித்ததும், விரைகளுக்கு ஹார்மோன் மூலம் உத்தரவு போகிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. அந்த ஏற்றம்தான் கொம்பைக் கெட்டியாக்குகிறது, வெல்வெட்டைக் காயவைக்கிறது, கழுத்தைப் பருக்க வைக்கிறது, செப்டம்பரில் கூவவும் முட்டவும் வைக்கிறது. குளிர்காலத்தின் முடிவில் டெஸ்டோஸ்டிரோன் இறங்கியதும், கொம்பும் மண்டையோடும் சேரும் இடத்தில் எலும்பை அரிக்கும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. இணைப்பு கரைந்து, கொம்பு கழன்று விழுகிறது. கெட்டிக் கொம்புள்ள ஆணுக்கு விரையை நீக்கினால் சில வாரங்களில் கொம்பு விழுந்துவிடும். வெல்வெட் நிலையில் நீக்கினால் அந்தக் கொம்பு ஒருபோதும் முழுதாகக் கெட்டிப்படாது. விரைக்கும் கொம்புக்கும் தொடர்பு உண்டு என்பதை அரிஸ்டாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குறித்துவைத்திருக்கிறார்.

வெளிச்சம்தான் காரணம் என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது? 1960களில் ரிச்சர்ட் காஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் சிக்கா மான்களைச் செயற்கை வெளிச்சத்தில் வளர்த்தார். ஒரு முழு வருடத்தின் பகல் நீள மாற்றங்களை ஆறே மாதத்துக்குள் சுருக்கி ஓடவிட்டார். மான்கள் ஒரே வருடத்தில் இரண்டு முறை கொம்பை உதிர்த்து இரண்டு முறை வளர்த்தன. நிரந்தரமாக 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று வைத்தபோது கொம்பை மாற்றுவதையே நிறுத்திவிட்டன. பருவநிலையும் தீவனமும் ஒன்றுதான், விளக்கின் சுவிட்ச் மட்டும்தான் வேறு. இதைவிடச் சுத்தமான சோதனை கிடைப்பது கடினம்.

இயற்கையே இதே சோதனையை வேறு இரண்டு விதமாகச் செய்து வைத்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து நியூசிலாந்துக்குக் கொண்டுபோன செம்மான்கள் அங்கே மார்ச், ஏப்ரலில் இணைசேர்கின்றன. தெற்கு அரைக்கோளத்தில் அப்போதுதான் இலையுதிர் காலம். இன்னொன்று நம் பக்கத்திலேயே. முதுமலையில் பகலின் நீளம் வருடம் முழுவதும் ஒன்றரை மணி நேரம்கூட வேறுபடுவதில்லை. அங்கே ஒரே புள்ளிமான் கூட்டத்தில் ஓர் ஆண் வெல்வெட்டோடும், இன்னொன்று கெட்டிக் கொம்போடும், மற்றொன்று கொம்பே இல்லாமலும் நிற்கும்.

எல்க் மட்டும் ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும்? கருக்காலம் சுமார் எட்டரை மாதம். செப்டம்பரில் இணைசேர்ந்தால் குட்டி மே கடைசியிலோ ஜூனிலோ பிறக்கும். பனி உருகிப் புல் தழைக்கும் நேரம், தாய்க்குப் பால் ஊறும். ஒரு மாதம் முந்தினால் குட்டி குளிரில் சாகும். பிந்தினால் அடுத்த குளிர்காலத்துக்குள் போதுமான உடம்பு வைக்காது.

கேட்டவருக்கு இன்னொரு சந்தேகமும் வந்திருக்கலாம். சண்டை அக்டோபரில் முடிந்துவிட்டால், 14 கிலோ எலும்பை மார்ச் வரை தலையில் சுமப்பானேன்? மூஸ் மான்கள் குளிர்காலம் பாதி ஆவதற்குள் உதிர்த்துவிடுகின்றனவே. இதற்கு யெல்லோஸ்டோனிலிருந்தே ஒரு பதில் வந்தது. கடைசி ஓநாயும் 1926இல் கொல்லப்பட்ட அந்தப் பூங்காவில், 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து கொண்டுவந்த ஓநாய்களை விட்டார்கள். அவை எதை வேட்டையாடுகின்றன என்று ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்தவர்கள் 2018இல் முடிவை வெளியிட்டார்கள். மார்ச் மாதத்தில் ஓநாய்கள், கொம்பு உதிர்த்துவிட்ட ஆண்களையே அதிகம் குறிவைக்கின்றன. இத்தனைக்கும் முதலில் உதிர்ப்பவை நல்ல உடற்கட்டுள்ள ஆண்கள். சீக்கிரம் உதிர்த்தால் அடுத்த கொம்பைச் சீக்கிரம் தொடங்கலாம், ஆனால் ஓநாய் முன்னால் ஆயுதம் இல்லாமல் நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்க்கின் தேதி நிர்ணயமாகியிருக்கிறது.

இந்த மாதிரி ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போது "மான் கொம்பை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி எனக்கு வருத்தம் தருகிறது. ஒரு முழு உறுப்பை, எலும்பு, தோல், நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் சேர்த்து, ஒவ்வொரு வருடமும் மறுபடி உண்டாக்கும் பாலூட்டி மான் மட்டுமே. 2019இல் சயன்ஸ் இதழில் வந்த மரபணு ஆய்வு, வளரும் கொம்பில் இயங்கும் மரபணுக்கள் சாதாரண எலும்பை விட எலும்புப் புற்றுநோய்க் கட்டியோடு அதிகம் ஒத்திருப்பதைக் கண்டது. கூடவே, கட்டுமீறிய வளர்ச்சியைத் தடுக்கும் மரபணுக்களும் மான்களில் பலப்பட்டிருக்கின்றன. புற்றுநோயின் வேகம், ஆனால் புற்றுநோய் இல்லை. 2023இல் சீன ஆய்வாளர்கள் சிக்கா மானின் கொம்பில் ஒரு வகை ஸ்டெம் செல்களை (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களை) அடையாளம் கண்டு எலிகளின் தலையில் வைத்தார்கள். 45 நாட்களில் அங்கே கொம்பு போன்ற சிறு புடைப்பு வளர்ந்தது. உடைந்த எலும்பை வளர்ப்பதற்கான வழி இங்கேயிருந்து வர வாய்ப்பிருக்கிறது. உடனடிப் பலன் கேட்டு நிதி கொடுத்திருந்தால் காஸின் விளக்கு வெளிச்சச் சோதனைக்கு ஒரு டாலர்கூடக் கிடைத்திருக்காது.

இன்னொரு பக்கம், மான்கொம்பைப் பொடித்துச் சாப்பிட்டால் ஆண்மை பெருகும், மூட்டுவலி போகும் என்று விற்கிறார்கள். கெட்டிக் கொம்பு என்பது கால்சியமும் பாஸ்பேட்டும் புரதமும் சேர்ந்த எலும்பு. கொம்பை வளர்த்தது மானின் ரத்தத்தில் ஓடிய ஹார்மோன். அது பொடிக்குள் தங்கியிருந்து உங்களுக்கு வேலை செய்யாது. தயவுசெய்து அந்தப் பணத்துக்கு பாலும் கீரையும் வாங்குங்கள்.

அந்த வாசகர் மறுபடி யெல்லோஸ்டோன் போவதாக இருந்தால், ஜூன் கடைசியில் போகச் சொல்வேன். கூவலும் சண்டையும் கிடைக்காது. ஆனால் கொம்பு உயிரோடு இருக்கும், வெல்வெட் போர்த்தி, நுனி உருண்டு, ரத்தம் ஓடிக்கொண்டு. நல்ல பைனாகுலர் எடுத்துப்போனால் ரோமம்கூடத் தெரியும். பூங்கா விதிப்படி எல்க்கிலிருந்து குறைந்தது 23 மீட்டர், கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மே, ஜூனில் பெண்மான்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். மேமத் வெந்நீர் ஊற்றுப் பகுதியில் கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே குட்டியை ஒளித்து வைத்திருக்கும், நெருங்கினால் பாய்ந்து வரும். கீழே கொம்பு கிடந்தால் எடுக்காதீர்கள், எடுப்பது சட்டவிரோதம். எலிகளும் அணில்களும் முள்ளம்பன்றிகளும் கால்சியத்துக்காக அதைக் கொறித்துத் தின்னும்.