நோட்ஸ் இல்லாம ஒரு பாட்டு வாசிக்க வரலையா, தப்பு உங்க பிள்ளையோட காதுல இல்ல

பதினாறு வருஷமா பியானோவும் கீபோர்டும் சொல்லித்தர்றேன். க்ளாஸ்ல சேக்க வர்ற அம்மா அப்பா பாதிப் பேராவது கேக்குறது இதுதான்: "மிஸ், பாட்டைக் கேட்டு அப்படியே வாசிக்கிறாங்களே, அது பொறக்கும்போதே வர்றதா, இல்ல சொல்லிக்குடுத்தா வருமா?" வரும். கண்டிப்பா வரும். ஆனா நிறைய க்ளாஸ்ல அதை ஒரு பாடமா வெச்சு யாரும் சொல்லித்தர்றதில்ல, அதான் என் வருத்தம்.

போன வருஷம் ஒரு பொண்ணு வந்து சேர்ந்தா. பன்னெண்டு வயசு, வேற இடத்துல பியானோ பரீட்சையில கிரேட் 5 வரைக்கும் முடிச்சிருந்தா, ரெண்டு கையும் சுத்தமா ஓடும். அன்னிக்கு அவ தம்பிக்குப் பொறந்தநாள்னு சொன்னா, சரி ஹேப்பி பர்த்டே வாசிம்மான்னேன். "நோட்ஸ் இல்லையே மிஸ்"னா. பரவால்ல, தேடிப் பாருன்னேன். கீபோர்டு நடுவுல இருக்கிற மிடில் சி-ல ஆரம்பிச்சா (சி, டி, இ-ன்னு சொல்றதெல்லாம் கட்டைங்களோட இங்கிலீஷ் பேரு). சி சி டி சி எஃப் இ. சரியா இருந்துச்சு. அடுத்த வரி சி சி டி சி ஜி எஃப், அதுவும் சரி. மூணாவது வரியில மேல் சி-க்குத் தாவணும், ரெண்டு தடவை தடுமாறி அதையும் புடிச்சுட்டா. நாலாவது வரிக்கு பி-யை அழுத்தினா, முகத்தைச் சுளிச்சா. ஏ அழுத்தினா, அதுவும் இல்ல. மறுபடி பி. அப்புறம் கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு "எனக்குக் காது இல்ல மிஸ்"னு சொல்லிட்டா.

காது இல்லன்னா அவ ஏன் முகத்தைச் சுளிக்கணும்? தப்புன்னு சொன்னதே அந்தக் காதுதானே.

அவ மாட்டினது எங்கன்னா, அந்தப் பாட்டு ஸரிகமபதநி-யோட முதல் சுரமான ஸ-வுல ஆரம்பிக்காது, கீழ் ப-வுல ஆரம்பிக்கும். அவ சி-ல ஆரம்பிச்சதால சி ப ஆயிடுச்சு, ஸ எஃப்-க்குப் போயிடுச்சு, அதாவது நம்ம பாடகருங்க சுருதி சொல்ற கணக்குல நாலு கட்டை. எஃப்-ஐ ஸ-வா வெச்ச எஃப் மேஜர் ஸ்கேல்ல பி கிடையாது, பி ஃப்ளாட்தான், பி-க்கு இடது பக்கம் ஒட்டி இருக்கிற கறுப்புக் கட்டை. அவ வெள்ளையை விட்டு நகரவே இல்ல. இத்தனைக்கும் எஃப் மேஜர் ஸ்கேலை பரீட்சைக்கு மனப்பாடமா வாசிச்ச பொண்ணு அவ, விரலுக்குத் தெரிஞ்சது காதுக்குப் போகவே இல்ல.

அதனால நான் முதல் பாடமா சொல்லித்தர்றது ஸ-வைத் தேடுறது. கீபோர்டை ஆஃப் பண்ணிடச் சொல்லுவேன். பாட்டைக் கேளு, வாய்விட்டு முணுமுணு, குரல் நல்லா இருக்கணும்னு அவசியமே இல்ல, பாட்டு முடியுற இடத்துல "அப்பாடா"ன்னு உக்காருதே அந்த சுரத்தை மட்டும் நீட்டிப் பாடு, இப்போ கீபோர்டை ஆன் பண்ணி அதைத் தேடு. எல்லாப் பாட்டும் ஸ-வுல முடியாதுதான், ஆனா ஆரம்பத்துக்கு எடுத்துக்கிற சின்னப் பாட்டுங்க பெரும்பாலும் அங்கதான் வந்து நிக்கும். ஸ கிடைச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது, அதுக்கப்புறம் ஒவ்வொரு சுரமும் ஏறுதா இறங்குதா, பக்கத்துல போகுதா தாவுதான்னு மட்டும்தான் கேள்வி. பாடாம நேரா கட்டையில தேடுற பிள்ளைங்க பன்னெண்டு கட்டையிலயும் குத்திக் குத்திப் பாக்குறாங்க, பாடிட்டு தேடுறவங்களுக்கு ரெண்டாவது மூணாவது முயற்சியில விழுந்துடுது, இதை நான் தினம் பாக்குறேன்.

பரீட்சையே வேணாம்னு நான் சொல்லல. ஆனா பெத்தவங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கணும். இசைப் பரீட்சை நடத்துற ட்ரினிட்டியோட பியானோ கிரேட்ல 5 வரைக்கும் சைட் ரீடிங் (பாக்காத நோட்ஸை உடனே வாசிக்கிறது), ஆரல் (கேட்டு பதில் சொல்றது), இம்ப்ரொவைசேஷன் (அப்பவே கற்பனையா வாசிக்கிறது), மியூசிக்கல் நாலெட்ஜ்னு நாலுல ஏதாவது ரெண்டை எடுத்தா போதும், காதுக்கான ஆரல் டெஸ்ட்டைத் தொடாமலேயே அஞ்சு கிரேடும் தாண்டிடலாம். அதே மாதிரி பரீட்சை நடத்துற இன்னொரு அமைப்பான ஏபிஆர்எஸ்எம்-மோட ப்ராக்டிகல் கிரேட்ல ஆரல் கட்டாயம், ஆனா 150 மார்க்ல அதுக்கு 18தான். சர்ட்டிபிகேட் கையில இருக்கு, அதனால காதும் பழகியிருக்கும்னு நினைச்சுக்காதீங்க.

அடுத்தது யூடியூப்ல கலர் கலரா கட்டை மேல விழுற வீடியோ. அதைப் பாத்து வாசிக்கிற பிள்ளை ரெண்டே நாள்ல ஒரு பாட்டை முடிச்சுடும், வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், ஆனா அங்க வேலை செஞ்சது முழுக்க கண்ணுதான். அதே யூடியூப்ல வேகத்தை 0.75 வெச்சா பாட்டு மெதுவா ஓடும், சுருதி மாறாது, ஸ்க்ரீனைக் கவுத்து வெச்சுட்டு ஒரே ஒரு வரியை பத்து தடவை கேட்டா அது நிஜமான பயிற்சி. பழைய பாட்டு சிலது ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்கும், டேப் ஓடின வேகத்தால கூட அப்படி ஆகும், அங்கயும் பிள்ளை தப்புன்னு திட்டாதீங்க, கீபோர்டுல ட்யூனிங் செட்டிங் இருக்கும், அதைக் கொஞ்சம் ஏத்தி இறக்கி சேத்துக்கலாம்.

ட்ரான்ஸ்போஸ் பட்டன், அதாவது விரல் வைக்கிற இடம் மாறாம சுருதியை மட்டும் ஏத்தி இறக்குற பட்டன், மேடையில பாடகருக்கு வாசிக்கிறவங்களுக்கு ரொம்ப உபயோகம். கத்துக்கிற வயசுல மட்டும் அதைத் தொட விடாதீங்க. ஒரே ட்யூனை சி-லயும் எஃப்-லயும் ஜி-லயும் வாசிக்க வெச்சா, ஸ நகர்ந்தா மத்ததெல்லாம் கூடவே எப்படி நகருதுன்னு காதுக்குப் புரியும். இதுக்கு பெர்ஃபெக்ட் பிட்ச் தேவையே இல்ல, ஒரு சத்தத்தைக் கேட்டதும் இது ஜி-ன்னு சொல்ற ஆளுங்க ரொம்ப ரொம்பக் கம்மி, நல்லா வாசிக்கிற பல பேருக்கு அது கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பயிற்சி ஒண்ணு இருக்கு. கறுப்புக் கட்டை அஞ்சு மட்டும். போன்ல தம்புரா ஆப் ஓட விட்டு, எஃப் ஷார்ப்பை (எஃப்-க்கு வலது பக்கம் ஒட்டி இருக்கிற கறுப்பு) ஸ-வா வெச்சு அஞ்சையும் வாசிச்சா மோகன ராகம். அதே அஞ்சு கட்டை, சுருதியை மட்டும் ஜி ஷார்ப்புக்கு மாத்தினா மத்யமாவதி. ஏ ஷார்ப்புக்கு ஹிந்தோளம், சி ஷார்ப்புக்கு சுத்த சாவேரி, டி ஷார்ப்புக்கு சுத்த தன்யாசி. கட்டை எதுவும் மாறல, ஸ மட்டும்தான் மாறுச்சு, ஆனா மோகனத்துல இருந்த வெளிச்சம் ஹிந்தோளத்துல வேற மாதிரி ஆயிடும். சுரத்தை அசைச்சு வளைச்சுப் பாடுற கமகம் பியானோ கட்டையில முழுசா வராதுதான், இருந்தாலும் எட்டு வயசுப் பிள்ளை கூட "மிஸ், இது வேற பாட்டு மாதிரி இருக்கு"ன்னு சொல்லும், அந்த நிமிஷம் அது காதால கேக்க ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம்.

அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு நான் பி ஃப்ளாட்டைக் காட்டல. கடைசி வரியைப் பாடச் சொன்னேன், முதல் சுரத்துலயே நிறுத்தி நீட்டச் சொன்னேன். பாடிக்கிட்டே விரலை பி-ல வெச்சா, கொஞ்சம் ஏத்தமா இருக்குன்னு அவளே சொன்னா, ஏ இறக்கம்னா, அப்புறம் ரெண்டுக்கும் நடுவுல இருந்த கறுப்பைப் பாத்து மெதுவா தொட்டா. ஒண்ணும் பேசல, முதல்ல இருந்து நாலு வரியும் வாசிச்சா. இப்போ அதுக்கு இடது கை சேக்குறோம், எஃப், சி, பி ஃப்ளாட்னு மூணு கார்டுதான் (கார்டுன்னா சில கட்டைகளை ஒண்ணா சேத்து அழுத்துற chord), எங்க மாறணும்னு அவளே கேட்டுக் கண்டுபிடிக்கணும். மூணு வரி புடிச்சுட்டா. நாலாவதுல கார்டு சீக்கிரம் சீக்கிரமா மாறும், அடுத்த சனிக்கிழமை அதுதான் பாடம்.